மூன்றாம் வரிசைச் சிரிப்பு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதியது கைப்பழக்கம். படித்ததும் நீயே அடித்துவிடு.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போன மாதம் போனில் பேசி என்ன கண்டோம்? நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். காகிதத்தில் கத்தினால் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் பொறுக்க மாட்டாமல் திரும்ப எடுத்துப் படிப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா?

விமர்சனங்கள் வந்துவிட்டன. தொடர் அடுத்த மாதம்தான் ஒளிபரப்பு. ஆனால் நீ ஒலிச்சேர்க்கை பார்க்கிற உங்கள் சேனல் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்த பிரதியைப் பார்த்துவிட்டு எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வாராவாரம் பத்திரிகையில் ஊரைச் சிரிக்கவைப்பவள் என்று பெயர் வாங்கியவள் நான். முதல் தடவையாக டிவிக்கு எழுதினேன். சலவை மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் நடக்கிற கூத்து. சிரிப்பு முக்கால், கண்ணீர் கால். ஆவலாகப் பேப்பரைப் பிரித்தேன். நல்லவேளை, உட்கார்ந்துகொண்டு பிரித்தேன்.

பெரிய பத்திரிகையின் கண்ணாடிக்காரர் (கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுவாரே, அவர்தான்) எழுதுகிறார்: "நகைச்சுவைத் தொடர் என்று சொல்லி நம்மை அழைத்து, ஒப்பாரியின் நடுவில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் கவியும் அந்த நீண்ட மௌனம் நெஞ்சைப் பிசைகிறது." இன்னொருவர்: "இதைப் பார்த்துச் சிரிப்பவர் யாராவது இருந்தால் அவருக்காக அனுதாபப்படுகிறேன்."

அந்த அனுதாபத்துக்குரிய ஆள் நான்தான். எழுதும்போதே சிரித்தேன்.

மெஷின் நடக்கிற காட்சி நினைவிருக்கிறதா? ஒரு அம்மா போன் பண்ணி, "சார், மெஷின் குலுங்கிக் குலுங்கி நடக்குது சார், சமையல் ரூமைத் தாண்டிடுச்சு" என்கிறாள். நம் ஆள் நிதானமாக, "எங்க போகுதுன்னு பார்த்துட்டுச் சொல்லுங்கம்மா" என்கிறான். இதற்குக் கண்ணாடிக்காரர் தரும் விளக்கம்: "போக்கிடமற்ற ஒரு தலைமுறையின் நடை அது." டேய், அது சலவை மெஷின்டா!

அதிர்ச்சியில் அந்தப் பிரதியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சிரிப்பொலி இல்லை. இசையும் இல்லை. ஜோக்கைச் சொன்ன நடிகர்கள், சிரிப்பு அடங்கட்டும் என்று டைரக்டர் சொல்லிக்கொடுத்தபடி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சாவு வீட்டில் அடுத்து யார் அழ ஆரம்பிப்பது என்று பார்ப்பதுபோல.

இது உன் வேலை. போன மாதம் நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "சிரிப்புச் சத்தம் போடலைன்னா உன் ஜோக்குக்கு எவனும் சிரிக்க மாட்டான்க்கா." "டப்பாவுல அடைச்ச கூலிச் சிரிப்பு எனக்கு வேண்டாம்டா, ஒலிச்சேர்க்கை நடக்கிற பக்கமே வரமாட்டேன்" என்றேன். அதை மனதில் வைத்துக்கொண்டு, சிரிப்பை உருவிப் போட்டுவிட்டு அனுப்பி, "பார்த்தியா?" என்று காட்டிவிட்டாய். ஜெயித்துவிட்டாயடா. திருப்திதானே?

உன் அத்தான் எல்லா விமர்சனங்களையும் படித்தார். கடைத் தராசுகளைச் சோதிக்கிற உத்தியோகம். எந்தத் தட்டும் சாயாத முகம். படித்துவிட்டு, "ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் எல்லாப் படைப்புகளுக்கும் அவர் எழுதிவரும் விமர்சனம் அதுதான்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

திரும்ப எடுத்துத்தான் படித்தேன். அந்த மட்டில் நீ சொன்னது சரி. மற்றதெல்லாம் தப்பு.

நான் பழிவாங்கவில்லை. மறந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது, எனக்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வேலையில் வசனம் ஒரு டிராக், இசை ஒரு டிராக், சிரிப்பு ஒரு டிராக். எல்லாவற்றையும் கலந்து முடித்தாயிற்று. கடைசி நேரத்தில், மேனேஜராக நடித்தவர் பேசும்போது யாரோ பின்னால் இருமுவதுபோல் இருந்தது. வசனத்தை மட்டும் தனியாகக் கேட்கலாமென்று இசையையும் சிரிப்பையும் அமர்த்தினேன். இருமல் இல்லை, நாற்காலிக் கிரீச்சு. அதை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து, "பிரதி ரெடியா, பிரதி ரெடியா" என்று ஆள் மேல் ஆள். அமர்த்தியதைத் திரும்ப ஏற்றாமலே பொத்தானை அழுத்திவிட்டேன். அந்தப் பிரதிதான் எல்லா விமர்சகர்களுக்கும் போனது.

விமர்சனம் வந்த அன்று சேனல் தலைவர் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றுதான் படி ஏறினேன். மேஜையில் பத்திரிகைகளை விரித்து வைத்திருந்தார்.

"சிரிப்பை எடுத்தது யாரோட ஐடியா?"

நான் தலைகீழாகத் தெரிந்த தலைப்புகளைப் படித்துக்கொண்டு நின்றேன்.

"உன்னுதா? பிரமாதம்யா! இத்தனை வருஷத்துல நம்ம சேனலை எவனாவது மதிச்சு எழுதியிருக்கானா? மௌனத்தை ஒரு பாத்திரமாவே ஆக்கிட்டியே!"

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் மௌனத்தின் அழகு என்று எடுத்துக்கொண்டார்போல. தோளில் தட்டினார்.

இப்போது நிலைமை இது. இதை இப்படியே, சிரிப்பில்லாமல் ஒளிபரப்ப வேண்டும் என்கிறார். கறுப்பு வெள்ளையில் போஸ்டர் தயாராகிறது. எனக்கு 'ஒலி வடிவமைப்பாளர்' என்று பதவி உயர்வு. உனக்கு இரண்டாம் பாகம் நிச்சயம். எழுதியவள் என்ற முறையில் உன் சம்மதம் வேண்டுமாம். நீ சரி என்றால் நான் பிழைத்தேன். சிரிப்போடுதான் வரவேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தால், பிறகு ஏன் இல்லாமல் அனுப்பினாய் என்று கேட்பார்கள். மறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

உன்னை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். முடிவு சொல்வதற்கு முன் அந்தச் சிரிப்பு டிராக்கை ஒரே ஒரு தடவை கேள். அது டப்பாச் சிரிப்பு இல்லை. ஏன் என்று என்னால் சொல்ல முடியாது. வாக்கு கொடுத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 14

மறதிக்காரத் தம்பிக்கு,

நாற்காலிக் கிரீச்சாம்! உன் அக்காவின் பிழைப்பே ஒரு நாற்காலிக் காலில் கவிழ்ந்திருக்கிறது. ஆனால் நம்புகிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன்தானே நீ.

இங்கே நடப்பதைக் கேள். முந்தாநாள் விமர்சகர்கள் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன். கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இவ்வளவு வலியை எங்க வெச்சிருந்தீங்க?" என்றார். "இடுப்புலதாங்க, உட்கார்ந்தே எழுதறதால" என்றேன். ஒருத்தர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தால் துக்கமாகிவிடுகிறது!

பக்கத்து வீட்டுக்காரி பேப்பரைப் படித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்ல எதுவும் பிரச்சனையா? எங்கிட்ட சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அவளிடம் சொல்வதும் வானொலியில் சொல்வதும் ஒன்று. "ஒண்ணுமில்லையே" என்றேன். "இப்படித்தான் எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே போட்டுப் புதைச்சுக்கறீங்க" என்று விசும்பினாள். ஒன்றுமே புதைக்காதவள் என்றுதான் எனக்கு இத்தனை நாள் கெட்ட பெயர்.

பத்திரிகை ஆசிரியர்கூட நான் போனால் இப்போது காலை மேஜையிலிருந்து கீழே எடுக்கிறார். இந்த மரியாதை நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். இரண்டு நாள் அனுபவித்தேன். மூன்றாம் நாள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்து பார்த்திருக்கிறது, ஒரு இடத்திலாவது, ஒருத்தராவது சிரித்திருக்க வேண்டாமா? அப்படியானால் இத்தனை வருடம் என்னைப் படித்துச் சிரித்ததாகச் சொன்னவர்கள் எல்லாம்? என் முகத்துக்காகச் சொன்னார்களா? 'மரக்கட்டை' என்று என் பத்தியில் வாரம் தவறாமல் ஒரு புருஷனை வைத்து எழுதுகிறேனே, எதைச் சொன்னாலும் சிரிக்காத ஆள் என்று? கடைசியில் அந்த ஒரு மனிதர்தான் என்னிடம் உண்மையாக இருந்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

அதனால் முடிவு சொல்லிவிடுகிறேன். இப்படியே போகட்டும். உன் உத்தியோகமும் நிலைக்கும், நானும் சோகச் சித்திரக்காரியாகக் காலம் தள்ளுகிறேன். கறுப்புப் புடவை இரண்டு எடுக்க வேண்டும்.

அந்த டிராக்கைக் கேட்க மாட்டேன். யாரோ யாருக்கோ சிரித்ததை என் வசனத்துக்குப் பின்னால் ஒட்டவைத்திருப்பாய். அதைக் கேட்டு நான் என்ன ஆறுதல் அடைவது?

அக்கா

வால்: உன் அத்தானிடம் முடிவைச் சொன்னேன். "ம்" சொல்லவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அதிர்ச்சியில் நான் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.


மார்ச் 19

அக்கா,

வாக்கை மீறுகிறேன். அத்தானிடம் நீயே எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லப்போவதற்கும் இதற்கும் நீ முடிச்சுப் போடக்கூடாது. உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் தலைவரிடம் போய், "சார், அது ஐடியா இல்லை. மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். உண்மையான மௌனம் அது, நெஞ்சைப் பிசைந்தது. பிறகு, "இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாமேய்யா" என்றார். பதவி உயர்வு இல்லை. நாளையிலிருந்து வானிலைச் செய்திக்கு மாற்றிவிட்டார்கள். மேகத்துக்கு ஒலிச்சேர்க்கை தேவையில்லை, ஆகவே என்னால் கெடுக்க முடியாது என்று நினைக்கிறார்கள். வேலை இருக்கிறது, கவலைப்படாதே. இனி எனக்காக நீ எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இப்போது சிரிப்பு விஷயம்.

அது வெளியில் வாங்கியது இல்லை. படப்பிடிப்பு முடிந்ததும், கீழே இருக்கிற சின்னத் திரையரங்கில், வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து உன் தொடரைப் போட்டுக் காட்டினோம். கூரையில் மைக் கட்டியிருந்தேன். அவர்கள் சிரித்ததைத்தான் எடுத்தேன். எல்லாரும் சிரித்தார்களா? இல்லை. அதை மறைக்க மாட்டேன். முதல் வரிசை செல்போன் பார்த்தது. கடைசி வரிசையில் ஒருவர் தூங்கினார். ஆனால் மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரு ஆள் சிரித்தார் பார், அந்த மாதிரிச் சிரிப்பை நான் என் வேலையில் கேட்டதே இல்லை. முதலில் சீறல். அப்புறம் ஒரு அடக்கம், நெஞ்சு மட்டும் குலுங்கும். அப்புறம் பிரஷர் குக்கர் மாதிரி விசில். அவர் விசில் அடித்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மெஷின் நடக்கிற காட்சியில் அரங்கமே அவரால்தான் சிரித்தது. என் உதவியாளர்கள் அவருக்குக் 'குக்கர்' என்று பெயர் வைத்து, சிரிப்பு மெலிந்த இடத்திலெல்லாம் "குக்கரைப் போடுங்க" என்பார்கள்.

விளக்கைப் போட்டதும் பார்த்தேன். அத்தான்.

வெளியூர் தராசுச் சோதனை என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாராமே, அந்த வாரம்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

"அக்காகிட்ட சொல்லிடாதப்பா" என்றார்.

"ஏன் அத்தான்? அவ முன்னாடி ஒரு தடவை இப்படிச் சிரிச்சீங்கன்னா அவ ஆயுசுக்கும் போதுமே?"

"சிரிச்சுப் பார்த்தேன். கல்யாணமான புதுசுல. நான் சிரிச்ச உடனே, 'சிரிச்சுட்டீங்களா? இருங்க இருங்க'ன்னு கொண்டையில இருந்து பேனாவை உருவிக்கிட்டு எழுத ஓடிடுவா. மீதிக் கதை வரவே வராது. எழுதினதுல அது வேற மாதிரி இருக்கும். அதான், முடிவு வரைக்கும் கேட்கணும்னா சிரிக்கக்கூடாதுன்னு பழகிட்டேன். பழகப் பழக முகம் இப்படியே நின்னுடுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அவ பல் டாக்டர் வீட்டுச் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டாளே, ஒண்ணு ஆம்பளைச் செருப்பு, ஒண்ணு இவளோடது. டாக்டர் தெருவுல துரத்திக்கிட்டு வர்றார். அதுல தெரியாம நான் சிரிச்சுட்டேன். அப்புறம் என்னப்பா ஆச்சு? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. என்னிடமும் பாதியில்தான் எழுந்து ஓடியிருக்கிறாய்.

இத்துடன் அந்த டிராக்கை மட்டும் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஹெட்போனில் கேள். இப்போது முடிவு உன்னுடையது.

தம்பி


மார்ச் 22

தம்பி,

கேட்டேன்.

குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கேட்டேன். வெளியே அதே மனிதர், "துண்டு எடுத்துக்கிட்டியா?" என்று சாயாத குரலில் கேட்கிறார். காதுக்குள்ளே அவரே விசில் அடிக்கிறார்.

எனக்கு இப்போது எழுத வரவில்லை. நம்பு, எனக்கே.

தலைவரிடம் சொல்லிவிட்டேன்: சிரிப்போடுதான். இரண்டாம் பாகம் கிடைக்காது என்றார். போகட்டும் என்றேன்.

நீ எனக்காக அந்தப் படி ஏறியதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். கத்த மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

தொடர் வந்துவிட்டது. நாங்கள் வானிலைப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தோம். மழை வராது என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்த அறிவிப்பாளருக்கு மெஷின் காட்சியில் புரையேறி, அடுத்த அறிவிப்பை வேறு ஆள் படிக்கவேண்டியதாயிற்று. இதை நீ நம்ப வேண்டுமென்பதற்காகச் சொல்லவில்லை. நடந்தது.

ஆனால் விமர்சனங்களைப் பார்த்து இங்கே எல்லாரும் வெலவெலத்துப்போயிருக்கிறார்கள். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். கறுப்பு வெள்ளைப் போஸ்டர்களைக் கட்டாகக் கட்டிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டுவிட்டார்கள். தலைவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். கண்ணாடிக்காரர் எழுதியதை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் உட்கார்ந்துகொண்டு படி. முடிந்தால் தனியாகப் படிக்காதே.

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

இந்தத் தடவை அடிக்க வேண்டாம்.

உன் கடிதம் சாப்பாட்டு நேரத்தில்தான் கைக்கு வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் நான் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'நீங்கள் சிரிப்பீர்களாமே' என்று ஒரு புருஷனிடம் கேட்க முடியுமா? நாங்கள் இருவரும் டிவி முன்னால் அடுத்தடுத்து உட்கார்ந்து தொடரைப் பார்த்தோம். திரைக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், சோபாவில் அவர் சிரிக்கவில்லை. நானும் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மரக்கட்டைகள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கெக்கலி கொட்டிக்கொண்டிருந்தாள், என்னுடைய புதைந்த வலியை எல்லாம் மறந்து.

"விமர்சனம் வந்திருக்கு, படிக்கட்டுமா?" என்றேன்.

"ம்."

படித்தேன். "ஒரு மகத்தான மௌனத்தைக் கொன்றுவிட்டார்கள். சிரிப்பொலி என்ற மலிவான சாயத்தைப் பூசி…" அவர் சோற்றைப் பிசைந்தார். "எழுதியவரே இந்தக் கொலைக்கு உடந்தை என்பதுதான் அதிர்ச்சி…" அவர் தண்ணீர் குடித்தார். கடைசிப் பத்திக்கு வந்தேன். நீ உட்காரச் சொன்னாய், உட்கார்ந்துதான் இருந்தேன், ஆனாலும் போதவில்லை.

"'குறிப்பாக ஒரு சிரிப்பு. முதலில் சீறல், பிறகு விசில். இதை ஏதோ மட்டமான கருவியில் செய்திருக்கிறார்கள். உறுதியாகச் சொல்கிறேன், மனிதர் யாரும் இப்படிச் சிரிப்பதில்லை.'"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் சீறல்தான் வந்தது தம்பி. நெஞ்சு குலுங்கியது. தட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு, இத்தனை வருடம் என் வீட்டில் கேட்காத அந்த விசில்.

என் கை தானாகக் கொண்டைக்குப் போய்விட்டது. சத்தியமாக நான் அனுப்பவில்லை, அதுவாகப் போயிற்று. பேனா மேல் விரல் பட்டதும் அவர் அதைப் பார்த்தார். விசில் பாதியில் நின்றது. முகம் மெல்ல மெல்ல அந்தத் தராசு நிலைக்குத் திரும்ப ஆரம்பித்தது. அதைப் பார்த்த அதிர்ச்சி, உன் டிராக்கைக் கேட்டபோதுகூட எனக்கு வரவில்லை. இத்தனை வருடமும் இந்தத் திரும்புதல் என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. நான் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்திருக்கிறேன்.

உருவினேன். உருவி, மேஜை மேல் அவர் பக்கமாகத் தள்ளினேன்.

"நீங்களே வெச்சுக்குங்க."

எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பல் டாக்டர்…" என்றார்.

எனக்கு அந்தக் கதை சுத்தமாக மறந்துவிட்டது. எழுத ஓடியவளுக்கு முடிவு எங்கே நினைவிருக்கப்போகிறது? இருந்தாலும் விடுவேனா? டாக்டர் தெருமுனையில் என்னைப் பிடித்ததாகவும், செருப்பைக் கேட்காமல் "வாயைத் திறங்க" என்றதாகவும், நடுத்தெருவில் நான் வாயைத் திறந்துகொண்டு நிற்க, எனக்குப் பின்னால் நோயாளிகள் வரிசை கட்டியதாகவும் அளந்துவிட்டேன். அவர் சிரித்தார். நான் நிறுத்தவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு கடைசிவரை சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "குக்கரை இறக்குங்க, எவ்வளவு நேரமா விசில் அடிக்குது!" என்றாள்.

இதெல்லாம் நடந்தது முந்தாநாள். அன்றே எழுதியிருப்பேன். ஆனால் சாப்பாடு முடிந்ததும், "டாக்டர் வீட்டம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அதற்கும் ஒன்று கட்டினேன். நேற்று கதைக்குள் அந்த அம்மாவின் தங்கையும் வந்துவிட்டாள்.

கடிதம் பென்சிலில் இருக்கிறதே என்று பார்க்காதே. பேனா இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

அக்கா